அப்பாவின் சி70: பழைய ஹோண்டா கப்பை மறுபடியும் ஓடவைப்பது எப்படி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே என் அக்கா மகன் ஒரு பழைய ஹோண்டா சி70 மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்து நின்றான். சட்டை முழுக்க வியர்வை. "மாமா, உதைச்சா புடிக்குது. ஒண்ணாவது கியர் போட்டா ஒரு குதி குதிச்சிட்டுச் செத்துப் போவுது. கடையில காட்டுனா, இதுக்கெல்லாம் சாமான் வராது, இஞ்சினையே மாத்திடுங்கன்னு சொல்றாங்க" என்றான்.

சாமான் வருகிறது. இஞ்சினை மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. அன்று சாயங்காலத்துக்குள் அந்த வண்டி ஓடியது. புதிதாகப் போட்டது ஒரு பிளக், இரண்டு கேஸ்கெட், கறுப்பு எண்ணெய் (இஞ்சின் ஆயிலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), அவ்வளவுதான். மற்றதெல்லாம் துடைத்ததும் அளந்ததும் திருகியதும். அன்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். தாத்தா வண்டி, சித்தப்பா வண்டி என்று கொட்டகையில் ஒரு கப்சாய் (இந்த வகைச் சின்ன மோட்டார் சைக்கிள்) கிடக்கிற வீடுகள் நம்மிடம் நிறைய உண்டு.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டது அங்கே இல்லை. நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வாசலில், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அப்பா பால்மரம் வெட்டினார். 1978-இல் ஒரு செகண்ட் ஹேண்ட் சி70 வாங்கினார். விடியும் முன் பெரட்டுக்கு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்புக்கு) போவதும் அதில்தான், பின்னால் இரண்டு வாளி பாலைக் கட்டிக்கொண்டு சேற்றுப் பாதையில் ஸ்டோருக்கு வருவதும் அதில்தான். எதையாவது கழற்றப் போனால் என் கையைப் பிடித்துக்கொள்வார். "இது எதுக்கு இங்க இருக்கு? சொல்லிட்டுக் கழட்டு."

அந்தக் கேள்வியைத்தான் நானும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இந்த வண்டியில் ஒவ்வொரு சாமானும் யாரோ ஒருவரின் தேவைக்காக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்தத் தேவை என்ன என்று தெரிந்தால், கோளாறு எங்கே இருக்கும் என்பதும் பாதி தெரிந்துவிடும். அதனால் முதலில் கொஞ்சம் கதை.

மீ கடைப் பையனின் ஒரு கை

சோய்ச்சிரோ ஹோண்டா 1906-இல் ஜப்பானில் ஹமாமாட்சு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர். அப்பா கொல்லர். 15 வயதில் தோக்கியோவுக்குப் போய் ஒரு கார் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். பிறகு பிஸ்டன் ரிங் செய்யும் தொழில். போர் முடிந்தபோது எல்லாம் தரைமட்டமாகிவிட்டது. ரயிலில் ஏற இடமில்லை, பெட்ரோல் இல்லை, ஜனங்கள் சைக்கிளில் மூட்டை சுமந்து அலைந்தார்கள். ராணுவம் வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் எடுக்க வைத்திருந்த சின்ன எஞ்சின்கள் அப்போது கேட்பாரற்றுக் கிடந்தன. 1946-இல் அவற்றை வாங்கிச் சைக்கிளில் பூட்டி விற்றார். அங்கிருந்து தொடங்கியதுதான் 1948 செப்டம்பரில் ஹோண்டா கம்பெனி ஆனது. அடுத்த வருடம் தாக்கேயோ ஃபுஜிசாவா சேர்ந்தார். எஞ்சின் வேலை ஹோண்டாவுக்கு, விற்பனையும் பணமும் ஃபுஜிசாவாவுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். இந்த இரண்டாவது ஆளைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது. ஏனென்றால் சி70-இன் உருவத்தை முதலில் கேட்டு வாங்கியவர் அவர்தான்.

1952-இல் வந்த 'கப்', சைக்கிளின் பின்சக்கரத்தில் பூட்டுகிற 50 சிசி எஞ்சின். வெள்ளை டாங்கி, சிவப்பு எஞ்சின், 1 குதிரை சக்தி. ஃபுஜிசாவா நாடு முழுக்கச் சைக்கிள் கடைகளுக்குக் கடிதம் போட்டு அதை விற்றார். 1956 கடைசியில் இருவரும் ஐரோப்பா போய் அங்குள்ள மொப்பெட்டையும் ஸ்கூட்டரையும் பார்த்துவிட்டு வந்தார்கள். ஜப்பானின் குண்டும் குழியுமான ரோட்டுக்கு இது ஆகாது என்று முடிவாயிற்று. சாப்பாட்டுக் கடைப் பையன் ஒரு கையில் சோபா மீ (நூடுல்ஸ்) அடுக்கைத் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டுகிற மாதிரி வண்டி வேண்டும் என்பது பேச்சு. அப்படியானால் இடது கையில் கிளச் லீவர் இருக்கக் கூடாது. பாவாடை கட்டிய பெண்ணும் கால் வீசாமல் ஏற வேண்டும். அப்படியானால் டாங்கி சீட்டுக்கு அடியில் போக வேண்டும், நடுவில் காலெடுத்து வைக்க வழி விட வேண்டும். எஞ்சின் கண்ணுக்குத் தெரியக் கூடாது, சேறு காலில் அடிக்கக் கூடாது. அதற்குப் பிளாஸ்டிக் கால் மறைப்பு. குழியில் இறங்கி ஏறப் பெரிய சக்கரம். 17 அங்குல டயர் அப்போது ஜப்பானில் யாரும் செய்யவில்லை, சொல்லிச் செய்ய வைத்தார்கள்.

1958 ஆகஸ்டில் சூப்பர் கப் சி100 வந்தது. 49 சிசி நாலு ஸ்ட்ரோக் எஞ்சின், 4.5 குதிரை சக்தி, மூன்று கியர். விலை 55,000 யென். மாதம் 30,000 வண்டி விற்கலாம் என்று ஃபுஜிசாவா சொன்னபோது கூட இருந்தவர்கள் அதை வருடக் கணக்கு என்று நினைத்தார்களாம். 2017-இல் இந்த வரிசை 10 கோடி வண்டியைத் தொட்டது.

சரி, நம் ஊருக்கு எப்படி வந்தது? சீனாவிலிருந்து சின்ன வயதில் பினாங்குக்கு வந்து, மெக்கானிக்காக வேலை செய்து, பஸ் கம்பெனி முதலாளியாக உயர்ந்த லோ பூன் சியூ 1950களின் கடைசியில் ஜப்பானுக்குப் போனபோது இந்த வண்டியைப் பார்த்தார். ஏஜென்சியைக் கையோடு வாங்கினார். 1995-இல் அவர் காலமாகும்வரை பினாங்கில் ஹோண்டா என்றாலே பூன் சியூதான். 'கப்' என்பதோடு 'சின்னது' என்று பொருள்படும் சீனச் சொல் 'சாய்' ஒட்டிக் கப்சாய் ஆயிற்று. இன்று யமஹாவைக்கூடக் கப்சாய் என்றுதான் சொல்கிறோம்.

கழற்றுவதற்கு முன்

வண்டி உங்கள் வீட்டிலேயே கிடந்தது என்றால் இதை விட்டுவிடலாம். வெளியே வாங்குவதானால் முதலில் கிராண்டை, அதாவது வண்டியின் பதிவுப் பத்திரத்தை, கையில் வாங்கிப் பாருங்கள். எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் துருவைத் துடைத்துவிட்டு ஓர் எழுத்து விடாமல் ஒத்துப் பாருங்கள். கிராண்டில் இருக்கிற ஆள் உயிரோடு இருக்கிறாரா, பெயர் மாற்ற ஜேபிஜே-க்கு (சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு) வருவாரா என்று கேளுங்கள். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டிக்கு வாரிசுக் காகிதம் எல்லாம் அலைந்து வாங்க வேண்டியிருக்கும். காசு கொடுத்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

அடுத்து உடம்பு. இந்த வண்டியின் சேசிஸ் குழாய் இல்லை, தகட்டை அழுத்தி இரண்டு பாதியாகச் செய்து ஒட்டியது. உள்ளே வெற்றிடம். நம் ஊர் மழையும் கடற்காற்றும் உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாது. பாட்டரிப் பெட்டிக்குக் கீழேயும், பின் ஆர்ம் சேருகிற இடத்திலும் ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் நல்லது. சொத சொத என்று கேட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். எஞ்சின் கெட்டால் சரி செய்யலாம், இது போனால் வெல்டிங் வைத்துத்தான் ஓட்ட வேண்டும், அந்த வண்டியில் பிள்ளையை ஏற்ற எனக்கு மனம் வராது.

கறுப்பு எண்ணெய்

அக்கா மகன் வண்டியில் டிப் ஸ்டிக்கை எடுத்தபோது தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. இந்த எஞ்சினில் காரில் இருக்கிற மாதிரி காகித ஃபில்டர் கிடையாது. ஒரு சல்லடை, அதோடு கிளச் சுற்றும் வேகத்திலேயே அழுக்கை ஓரமாக ஒதுக்குகிற ஒரு கிண்ணம். அவ்வளவே. அதனால் எண்ணெயை மாற்றுவதுதான் ஃபில்டரை மாற்றுவது. நான் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன். மொத்தமே முக்கால் லிட்டர் பக்கம்தான் பிடிக்கும், அதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சூடு பிடித்ததும் நிறுத்தி, கீழே உள்ள 17 எண் நட்டைக் கழற்றி வடியவிடுங்கள். திரும்பப் பூட்டும்போது கவனம். கேஸ் அலுமினியம். சில வருடங்களுக்கு முன் அவசரத்துக்கு ஒரு கடையில் என் வண்டிக்கு எண்ணெய் மாற்றினேன். நீளமான கைப்பிடி போட்டு ஒரு முறுக்கு முறுக்கினார்கள். மறை போய்விட்டது. ஒரு வாரம் கழித்து ஜெலுத்தோங் சாலையில் எண்ணெய் சொட்டுவதைப் பின்னால் வந்தவர்தான் கூப்பிட்டுச் சொன்னார். மறுபடி மறை வெட்ட அலைந்தது நான். அதிலிருந்து இந்த ஒரு நட்டை யாரிடமும் விடுவதில்லை. புது வாஷர் போட்டு, குட்டை ஸ்பேனரால், மணிக்கட்டு பலத்தில் மட்டும் முடுக்குங்கள்.

எண்ணெய் டப்பாவில் ஜாசோ எம்ஏ என்ற குறி இருக்க வேண்டும். கிளச் இதே எண்ணெயில் குளித்துக்கொண்டிருக்கிறது. வழுக்கல் மருந்து கலந்த கார் எண்ணெயை ஊற்றினால் கிளச்சும் வழுக்கும். அளவு பார்க்கும்போது டிப் ஸ்டிக்கைத் திருகாமல் சும்மா இறக்கி எடுத்துப் பாருங்கள்.

பாயிண்ட்: கண்ணுக்குத் தெரிகிற நெருப்பு

80களில் வந்த 12 வோல்ட் வண்டிகளில் சிடிஐ என்ற மின்னணுப் பற்றவைப்பு வந்துவிட்டது, அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய 6 வோல்ட் சி70 என்றால் பாயிண்ட்தான். நிறைய பேர் இதற்குப் பயப்படுகிறார்கள். எனக்கு இந்த வண்டியில் மிகவும் பிடித்த வேலையே இதுதான்.

கியர் மிதியைக் கழற்றி, இடது பக்க மூடியை எடுத்தால் மேக்னட் சக்கரம் தெரியும். அதன் ஓட்டைகள் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தால், சின்ன ஆணித் தலை மாதிரி இரண்டு முனைகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் நிற்கும். விலகுகிற அந்தக் கணத்தில்தான் பிளக்கில் தீப்பொறி. அதனால் இரண்டு விஷயம் மட்டும் சரியாக இருந்தால் போதும்: எவ்வளவு விலகுகிறது, எப்போது விலகுகிறது.

முதலில் சுத்தம். அந்த வண்டியின் முனைகள் கறுத்து, ஒன்றில் குழியும் மற்றதில் மேடுமாக இருந்தன. பாயிண்ட் அரத்தால் இரண்டு இழுப்பு, பிறகு பெட்ரோலில் நனைத்த தடித்த காகிதத்தை நடுவில் விட்டு இழுத்தால் கறுப்பு வந்துவிடும். எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். முனைகள் நீலம் பாய்ந்து அடிக்கடி கருகினால் கண்டென்சர் போய்விட்டது, அதை மாற்றுங்கள்.

மேக்னட் சக்கரத்தைக் கையால் இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். முனைகள் அதிகபட்சம் விலகும் இடத்தில் நிறுத்தி ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். 0.3 முதல் 0.4 மி.மீ. வரை இருக்க வேண்டும். பிறகு நேரம். சக்கரத்தின் விளிம்பில் எஃப் என்று ஒரு கோடு, டி என்று ஒரு கோடு. எஞ்சின் கேஸில் ஒரு குறி. எஃப் கோடு அந்தக் குறிக்கு நேராக வரும்போது முனைகள் திறக்கத் தொடங்க வேண்டும். கண்ணால் அது தெரியாது. அப்பா சிகரெட் பிடிக்காதவர், ஆனால் சிகரெட் உள்தாள் ஒரு துண்டு அவர் பர்ஸில் எப்போதும் இருக்கும். அந்த மெல்லிய தாளை முனைகளுக்கு நடுவில் வைத்து, ஒரு கையால் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகச் சுற்றுவார். இறுக்கமாக இருக்கும் தாள் ஒரு இடத்தில் வழுக்கிக்கொண்டு வரும். அதுதான் திறக்கும் இடம். அப்போது எஃப் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

எஃப் வருவதற்கு முன்பே தாள் வந்துவிட்டால் தீ சீக்கிரம் பிடிக்கிறது, இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள். எஃப் தாண்டி வந்தால் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டுங்கள். பாயிண்ட் தகட்டின் ஸ்குரூவைத் தளர்த்தி நகர்த்த வேண்டியது ஒரு நூல் அளவுதான். முடுக்கும்போது தகடு தானாக நகரும், அதனால் முடுக்கிய பிறகு இன்னொரு தடவை தாள் விட்டுப் பார்க்க வேண்டும். அன்று அக்கா மகன் நாலு தடவை செய்தான். நாலாவது தடவை தாள் வழுக்கியதும் குனிந்து எஃப் கோட்டைப் பார்த்தவன் அப்படியே என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான்.

பிளக் 10 மி.மீ. மறை கொண்ட சின்ன வகை. என்ஜிகே சி7எச்எஸ்ஏ கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வரை.

டப்பட்

மூடி திறந்திருக்கும்போதே டப்பட்டையும், அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் ஆர்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியையும், பார்த்துவிடலாம். முதல் சூப்பர் கப்பில் வால்வைத் தள்ள நீளக் கம்பிகள் இருந்தன. 60களில் அதே இடத்தில் செயின் வந்து, வால்வைத் திறக்கும் கேம் எஞ்சின் தலைக்கே ஏறிவிட்டது. அந்த வருடங்களில் ஹோண்டா என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1959-இல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்துக்கு முதல் தடவை போய் 125 சிசி பிரிவில் ஆறாவது இடம். 1961-இல் அதே இடத்தில் 125, 250 இரண்டு பிரிவிலும் வெற்றி. 1966-இல் ஆறு சிலிண்டர் 250 சிசி ஆர்சி166, நிமிடத்துக்கு 18,000 சுற்று. அத்தனை வேகத்தில் வால்வு துல்லியமாகத் திறந்து மூட வேண்டுமானால் நடுவில் ஆடுகிற கனமான சாமான் குறைவாக இருக்க வேண்டும். பந்தய எஞ்சினில் பார்த்த அந்தப் பாடத்தைப் பால்காரர் ஓட்டும் வண்டியிலும் வைத்தார்கள் என்பதில்தான் எனக்கு இந்தக் கம்பெனி மேல் மரியாதை. 1969-இல் நாலு சிலிண்டர், முன்னால் டிஸ்க் பிரேக் என்று சிபி750 வந்து உலகமே பேசியது. அதே வருடம்தான் சி70-உம் வந்தது. 47 மி.மீ. பிஸ்டன், 41.4 மி.மீ. ஓட்டம், 72 சிசி. அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை, ஆனால் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

வேலைக்கு வருவோம். எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் பார்ப்பது உத்தமம். தலையின் மேலும் கீழும் இரண்டு 17 எண் மூடிகள் இருக்கும், கழற்றுங்கள். மேக்னட் சக்கரத்தைச் சுற்றி டி கோட்டைக் குறிக்கு நேராகக் கொண்டுவாருங்கள். இப்போது இரண்டு ராக்கர் ஆர்மையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லேசாக ஆட வேண்டும். ஏதாவது ஒன்று இறுக்கமாக இருந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். இந்த இடத்தில்தான் புதிதாகச் செய்பவர்கள் தவறு செய்கிறார்கள், டி வந்ததும் அளந்துவிடுகிறார்கள். டி ஒரு வேலைச் சுற்றில் இரண்டு தடவை வரும், நமக்கு வேண்டியது அமுக்கத்தின் உச்சியில் வருவது.

இரண்டு வால்வுக்கும் 0.05 மி.மீ. அதாவது ஃபீலர் கேஜில் ஆக மெல்லிய தகடுகளில் ஒன்று. தகடு நுழைய வேண்டும், இழுத்தால் பட்டுத்துணியை விரல் நடுவில் இழுப்பது போல ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். நட்டைத் தளர்த்தி, நடுவில் உள்ள சதுரத் தலையைத் திருப்பிச் சரிசெய்து, அதை ஆடவிடாமல் பிடித்துக்கொண்டே நட்டை முடுக்குங்கள். மறுபடி அளங்கள். அதிகம் விட்டால் தையல் மெஷின் மாதிரி சத்தம் வரும், அதோடு போயிற்று. குறைவாக விட்டால் சத்தமே வராது, வால்வு மூடாமல் உள்ளே எரிந்துகொண்டிருக்கும். சத்தமில்லாத டப்பட்டுக்குத்தான் நான் பயப்படுவேன்.

கிளச்

இப்போது அக்கா மகன் கொண்டுவந்த வியாதி. கியர் போட்டால் குதித்துச் செத்துப் போவது.

கை லீவர் இல்லாமல் கிளச் எப்படி வேலை செய்கிறது? எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளச் தகடுகள் விலகியே இருக்கும். வேகம் கூடக் கூட உள்ளே இருக்கும் எடைகள் வெளிப்பக்கமாக ஒதுங்கித் தகடுகளை அழுத்திப் பிடிக்கும். ராட்டினத்தில் நாற்காலிகள் வெளியே பறப்பது போலத்தான். அதனால் எஞ்சின் ஐடிலில் (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் மெதுவாக) ஓடும்போது ஒன்றாவது கியர் போட்டாலும் வண்டி நகராமல் நிற்க வேண்டும். கியர் மாற்றும்போது வேறு ஒரு வழி: கியர் மிதியை அமுக்குகிற அதே அசைவு முதலில் கிளச்சை விலக்கும், பிறகுதான் கியரை நகர்த்தும். மீ கடைப் பையனின் இடது கையைக் காப்பாற்றியது இந்த இரட்டை ஏற்பாடுதான். கியர் மிதியை அமுக்கி ஒரு கணம் அப்படியே பிடித்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, மிதியை மெதுவாக விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பும். டப்பென்று காலை எடுப்பவர்களுக்குத்தான் குதிக்கும்.

குதிப்பதற்கு முதல் காரணம் ஐடில் அதிகமாக இருப்பது. நிமிடத்துக்கு 1,500 சுற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். எஞ்சின் சூடானதும் கார்புரேட்டர் ஸ்குரூவால் இறக்குங்கள். இவன் வண்டியில் நெருப்பு நேரம் தவறியிருந்ததால் யாரோ ஐடிலை ஏற்றிவைத்து ஓட்டியிருக்கிறார்கள். பாயிண்ட் சரியானதும் ஐடிலை இறக்க முடிந்தது. பாதி வியாதி அங்கேயே போயிற்று.

மீதி கிளச் அட்ஜஸ்ட். வலது பக்க மூடியின் நடுவில் ஒரு நட்டும் அதன் நடுவில் ஒரு ஸ்குரூவும் தெரியும். நட்டைத் தளர்த்துங்கள். ஸ்குரூவை வலஞ்சுழியாக ஒரு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். பிறகு இடஞ்சுழியாக மெதுவாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் விரலுக்கு ஒரு தடுப்புத் தெரியும். அங்கே நிறுத்தி, வலஞ்சுழியாக எட்டில் ஒரு பங்குச் சுற்று. ஸ்குரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை முடுக்குங்கள். இதுதான் முழு வேலை. அந்தத் தடுப்பு மிக லேசானது, பெரிய ஸ்குரூ டிரைவரை முழுக்கையால் பிடித்தால் தெரியாது. இரண்டு விரலால் பிடியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் மேடு ஏறும்போது எஞ்சின் மட்டும் அலறி வண்டி போகாவிட்டால் தகடு தேய்ந்திருக்கிறது. வலது மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றுகிறவர்கள் நான் மேலே சொன்ன அழுக்குக் கிண்ணத்தையும் திறந்து பாருங்கள். இவன் வண்டியில் தகடு நன்றாகவே இருந்தது, ஆனால் கிண்ணத்துக்காகவே திறந்தேன். சந்தனம் அரைத்து அப்பியது போலச் சாம்பல் நிறத்தில் ஒரு விரல் கனம். மண்ணெண்ணெயில் கழுவிப் புது கேஸ்கெட் போட்டு மூடினோம். மூடிய பிறகு கிளச் அட்ஜஸ்ட்டை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

மற்றவை

கார்புரேட்டரைப் பிரித்தால் ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள், ஊதினால் போதும். செயின் முழு உறைக்குள் இருப்பதால் மறந்துவிடுகிறோம். உறையில் உள்ள ரப்பர் மூடியை எடுத்து விரலால் தூக்கிப் பாருங்கள், 10 முதல் 20 மி.மீ. ஆட்டம் போதும். பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியை ஊதாதீர்கள், பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடையுங்கள். 6 வோல்ட் வண்டிக்கு 6 வோல்ட் பல்புதான். நம் நாட்டில் 1992 முதல் மோட்டார் சைக்கிளுக்குப் பகலிலும் விளக்கு எரிய வேண்டும், அதனால் எர்த் ஒயர் பிடிக்கிற இடங்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து வையுங்கள்.

முன் சஸ்பென்ஷன் மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டியின் மூக்கு மேலே எழும்பும். புதிதாக ஓட்டுபவர்கள் பயந்து, ஏதோ உடைந்துவிட்டது என்று நினைப்பார்கள். சக்கரத்தைத் தாங்கும் சின்னக் கைகள் முன்னோக்கி நீண்டிருப்பதால் அப்படி. அதன் இயல்பே அதுதான். ஆனால் சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டும்போது டக் டக் என்றால் அது இயல்பில்லை, புஷ் தேய்ந்திருக்கிறது.

எல்லாம் பூட்டிய பிறகு நான் வண்டியைச் சோதிப்பது டுன் சார்டோன் சாலையில். பாயா தெருபோங் பக்கம் ஏறி பாலிக் பூலாவில் இறங்கும் அந்த மலைப்பாதையின் வளைவுகளில் இரண்டாவது கியரில் ஒரு சி70 மூச்சு வாங்காமல் ஏறினால், நெருப்பும் வால்வும் கிளச்சும் சரி. அன்று சாயங்காலம் அவன் ஓட்ட, நான் என் வண்டியில் பின்னால் போனேன். மேலே போய் நிறுத்தி, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். கறுப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை, பிஸ்கெட் நிறம். பிறகு அவன் நான் சொல்லாமலே தரையில் குந்தி உட்கார்ந்து, எண்ணெய் நட்டுக்குக் கீழே விரலை வைத்துத் தடவி எடுத்து என்னிடம் காட்டினான். விரல் காய்ந்திருந்தது. "போலாம் மாமா, ஏழு மணிக்கு எனக்கு டெலிவரி இருக்கு" என்று வண்டியை உதைத்தான்.